புறப்பாட்டு அலங்காரம்

பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டைப் பார்க்க மயிலாப்பூரில் ஊரே திரளும். அதே நாட்களில் சென்னையின் தெற்கு ஓரத்தில் இன்னொரு புறப்பாடு நடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பிலும், கோவளம்–கேளம்பாக்கம் சாலையின் இருபுறமும் கிடக்கும் உப்பங்கழியிலும், ஆறேழு மாதம் நம்மோடு குடியிருந்த பறவைகள் வடக்கே கிளம்ப ஆயத்தமாகின்றன. இங்கே கூட்டம் கிடையாது. நாலைந்து பேர், கழுத்தில் பைனாகுலர், ஒருவரிடம் ஸ்கோப், பிளாஸ்க்கில் காபி. அவ்வளவுதான்.

பறவை பார்ப்பவர்களில் பலருக்கு மார்கழியும் தையும்தான் சீசன். பூநாரை வந்தாயிற்றா, ஊசிவால் வாத்து எத்தனை என்று பொங்கல் வரை ஓடுவார்கள்; வெயில் ஏறியதும் பைனாகுலர் உறைக்குள் போய்விடும். நான் வேறு கட்சி. டிசம்பரில் உள்ளானும் உப்புக்கொத்தியும் அழுக்கேறி மங்கிய பயண உடையில் உட்கார்ந்திருக்கின்றன. கல்யாண உடை உடுத்துவது கிளம்பும்போதுதான். அந்தக் கோலத்தில் அவை நம் ஊரில் இருப்பது இரண்டு மூன்று வாரம்.

பொன் உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தையில் அது காய்ந்த சேற்றின் நிறம். நடந்தால்தான் கண்ணில் படும். பங்குனி பிறந்ததும் வயிற்றில் அங்கங்கே கறுப்பு தட்டும், வேட்டியில் மை தெறித்தாற்போல. கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். வாரம் ஒருமுறை போனால் அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவருவதைப் பார்க்கலாம். சித்திரை வாக்கில் முகத்திலிருந்து வயிறு வரை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நெற்றியில் தொடங்கிக் கழுத்தோரமாக இறங்கும் ஒரு வெள்ளைக் கரை, முதுகெல்லாம் பொன்துகள். சைபீரியத் தூந்திரத்தில் ஜோடி தேடுவதற்காகப் போட்ட வேஷம் அது. நாம் ஒப்பனை அறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறோம்.

அலகு கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சாம்பல். இப்போது செங்கல் சிவப்பு. போன மாதம் பார்த்த அதே பறவைதான் என்று சத்தியம் செய்தாலும் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை.

அபூர்வப் பறவைக்கும் இதுதான் காலம். கொசு உள்ளான் கூட்டத்தில் எப்போதாவது ஒரு செங்கழுத்துக் கொசு உள்ளான் கலந்திருக்கும். குளிர்காலத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல நல்ல அனுபவசாலிகளே திணறுவார்கள். கிளம்பும் காலத்திலோ அது தானாகவே மாட்டிக்கொள்கிறது. மற்றவற்றுக்குத் தொண்டை வெள்ளை. இதற்கு மட்டும் புள்ளி விழாத செம்மை. ஆனால் முன்னூறு கொசு உள்ளானை அலுக்காமல் பார்த்தவர் கண்ணுக்குத்தான் அந்த ஒன்று தெரியும். இதுவரை பார்த்திராத பறவையைத் தேடி, 'லைஃபர் எங்கே, லைஃபர் எங்கே' என்று காரிலிருந்து இறங்காமலே கேட்பவர்களுக்குத் தெரியாது.

விடியற்காலையே போய்விடுங்கள். முதுகில் வெயில் படும்படி நில்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பும் அப்போது செல்லாக்காசு. பள்ளிக்கரணையில் பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை வேறு. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு அது. பட்டியலால் வாடை குறையவில்லை. பறவைகள் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. தலை நிமிராமல் தின்கின்றன. கிளம்புமுன் கொழுப்பு சேர்த்தாக வேண்டும் அல்லவா? வயிறு உருண்டு, நடையிலேயே ஒரு கனம் தெரியும்.

சதுப்பை விட்டு ஊருக்குள் வந்தால் மர நிழலில் வேறு கச்சேரி. வடக்கே போகும் வழியில் ஆறுமணிக்குருவி ஓரிரு நாள் தங்கிப்போகும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைக் காதால்தான் பார்க்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை. அதனால்தான் அந்தப் பெயர். நான் ஒருமுறை பக்கத்து வீட்டு மாமரத்தடியில் சருகு புரளும் சத்தத்தை ஓணான் என்று நினைத்து முக்கால் மணி நேரம் அசட்டை செய்தேன். பிறகு குட்டை வால் ஒன்று மெல்ல ஏறி இறங்கியது. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுத்துப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. பாதிப் பயணத்தில் களைத்து இறங்கிய ஜீவனிடம் செய்கிற வேலையா அது?

கொடிக்கால் வாலாட்டியும் அதே நிழலில் திரியும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். தெரிந்துகொண்டால் தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம்.

வலசை என்றதும் எல்லோரும் சத்திமுத்தப் புலவரை இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். அவர் தூது விட்டது குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையிடம். வருகையைப் பற்றிய பாட்டு அல்ல அது, திரும்புதலைப் பற்றியது. நம் ரசனையில் அந்தப் பாதி எப்படியோ விட்டுப்போயிற்று.

ஒருவேளை, வருகையைக் குறித்துவைப்பது சுலபம் என்பதால் இருக்கலாம். முதல் வாலாட்டியைப் பார்த்த அன்றே நோட்டில் எழுதிவிடலாம். கடைசியாகப் பார்த்த நாளை அன்றைக்கு எழுத முடியாது. எங்கள் தெருவின் கேபிள் ஒயரில் ஒரு பழுப்புக் கீச்சான் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து உட்கார்ந்து, விடிந்தும் விடியாததுமாக யாரையோ வைதுகொண்டிருக்கும். சித்திரையில் ஒருநாள் காலை, தெரு ஏதோ அமைதியாக இருக்கிறதே என்று தோன்றும். இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்று காத்திருந்துவிட்டு, பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுவேன்.

இந்த வருஷம் அது கடைசியாக உட்கார்ந்திருந்த நாள் ஏப்ரல் 17. அதை நான் நோட்டில் எழுதியது 26ஆம் தேதி.