அளவும் கூலியும்

அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சித் தேரைப் பார்த்துவிட்டு அட்டையிலும் குச்சியிலும் சின்னத் தேர் கட்டும் பையன்களில் சிலர், வளர்ந்தபின் ஃபோம் ஷீட்டில் அரசுப் பேருந்தும் கோயில் கோபுரமும் செய்கிறார்கள். செல்போனில் படம் போட்டதும் “என்ன விலை?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பொழுதுபோக்கு தொழிலாகத் திரும்பும் இடம் அதுதான். திரும்பலாமா, கூடாதா? அதை எடைபோடத் தஞ்சாவூர் நெட்டி வேலை பக்கத்திலேயே இருக்கிறது.

குளத்திலும் சதுப்பிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டை உலர்த்தி, மேல்தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெண்மையான சோற்றைக் கூரிய கத்தியால் நறுக்கி ஒட்டிப் பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறார்கள். பெரிய இயந்திரம் வேண்டாம், பட்டறை வேண்டாம்; வீட்டுத் திண்ணை போதும். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காசுக்குச் செய்வதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரே கோயிலைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் கைக்கு வரும் சுத்தம், ஆசைக்கு ஒன்று செய்து அலமாரியில் வைப்பவருக்கு எளிதில் வராது.

ஆனால் முதலில் அடிபடுவது அளவு. பெரிய கோயில் விமானம் 216 அடி. இருநூறில் ஒரு பங்காகச் செய்தால் ஏறக்குறைய 13 அங்குலம்; மேசைக்கு அழகான உயரம். அதே கணக்கில் 240 மீட்டர் நீளமுள்ள வெளிமதில் நான்கு அடி வரும். சுற்றுலா வந்தவர் நான்கு அடிப் பெட்டியைப் பேருந்தில் எப்படிக் கொண்டுபோவார்? அதனால் பிராகாரம் சுருங்குகிறது, அல்லது இல்லாமலே போகிறது. விமானம் மட்டும் ஓங்கி நிற்கிறது. வாங்குபவருக்குக் குறை தெரியாது. செய்பவருக்குத் தெரியும். அளவுக்காகவே இந்தக் கலைக்குள் வந்தவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

அடுத்தது கூலி. ஒரு மாதிரிக்கு 60 மணி நேரம் பிடிக்கிறது, 4,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் 1,500 போனால் மிச்சம் 2,500. எட்டு மணி நேர நாளுக்கு 333 ரூபாய்! கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் இதைவிடக் கூடுதலாக வாங்குவார். ‘பிடித்த வேலைதானே’ என்று தன் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பொழுதுபோக்கிலிருந்து வருபவர் செய்யும் பெரிய தவறு. அவர் இறக்கிய விலை, இதையே நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் விலையையும் இறக்கிவிடும். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது.

நெட்டி வேலையைப் போலவே 2020இல் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்தில் வேறொரு வழி தெரிகிறது. அங்கே தேருக்கும் வாகனத்துக்கும் கோயில்கள் ஆர்டர் கொடுக்கின்றன. அளவு தப்பினால் தேர் நிற்காது. ஆகவே வாங்குபவரே அளவைக் கேட்கிறார். மாதிரி செய்பவரும் அளவு தேவைப்படும் ஆட்களைத்தான் தேட வேண்டும்: அருங்காட்சியகம், கட்டடக்கலை அலுவலகம், வரலாறு நடத்தும் பள்ளி. பேருந்து நிலையக் கடையை நம்பி இறங்கினால், விலை குறைந்த அச்சு பொம்மையோடு போட்டி போட வேண்டியிருக்கும். அதில் கை வேலை தோற்கும்.

அரியலூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கு நம் மாவட்டமே ஒரு வேலை வைத்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறக்குறைய 180 அடி. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது, இது உள்வளைந்து ஏறுகிறது. இரண்டையும் இருநூறில் ஒரு பங்காகச் செய்து அருகருகே வைத்தால், உயர வித்தியாசம் இரண்டு அங்குலம்தான். அந்த வளைவில்தான் செய்பவரின் திறமை வெளிப்படும். அப்படி ஒரு ஜோடியைச் செய்யுங்கள். விலைச்சீட்டில் அளவு விகிதத்தையும் பிடித்த மணி நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நாள் கூலி தேறாத ஆர்டரை வாங்காதீர்கள்.