நினைவைத் தொடுவதா, தள்ளிப்போடுவதா?

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவர் முப்பது, நாற்பது வயதில் சிகிச்சைக்கு வரும்போது பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது, கணவர் தொட்டாலே உடம்பு விறைத்துப்போகிறது என்றுதான் வருவார். உண்மை வெளிப்பட்ட பிறகு சிகிச்சையாளர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அந்த நினைவை நேரே கையிலெடுப்பதா, முதலில் ஆளைத் தேற்றித் தயார்ப்படுத்துவதா? மேலைநாட்டு உளச்சிகிச்சைத் துறை முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியில் இரண்டுபட்டு நிற்கிறது.

தயார்ப்படுத்தும் கட்சிக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். 1992-ல் வந்த தம் நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் உறவுகளோடு இணைதல். இதன் வழியில் வந்த மரிலீன் க்ளுவாட்ரின் ‘ஸ்டெயர்’ முறை, உணர்ச்சிகளைக் கையாளவும் உறவுகளைப் பேணவும் முதலில் பழக்கிவிட்டு அதன் பிறகே நினைவுக்குப் போகிறது. நேற்றும் தற்கொலை எண்ணம் வந்துபோனவரை இன்றே பழைய அறைக்குள் தள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் கட்டத்துக்கு முடிவு எங்கே என்று இந்த வழி தெளிவாகச் சொல்வதில்லை. மூச்சுப் பயிற்சியும் ஆறுதலுமாக ஆண்டுகள் ஓடிவிடலாம். பல நேரங்களில் தயாராகாதவர் எதிரே அமர்ந்திருக்கும் சிகிச்சையாளர்தான்.

நேரே போகும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில், 90 நிமிட அமர்வில் கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதன் ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்க வேண்டும். பயத்தைக் கரைப்பதில் இதன் வலு பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஆனால் சிறுவயதுக் கொடுமை விட்டுச்செல்வது பயம் மட்டுமல்ல. கெடுத்தவரே பாசமாகவும் இருந்திருப்பார், மிட்டாய் வாங்கித் தந்திருப்பார். அந்தக் குழப்பமும் வெட்கமும் திரும்பச் சொல்வதால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.

அங்கே பட்ரீஷியா ரெசிக்கின் சி.பி.டி. (CPT, எண்ணங்களை அலசிச் சீராக்கும் சிகிச்சை) முறை கூர்மையாக வேலை செய்கிறது. வழக்கமாக 12 அமர்வுகள். ‘நான் கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை, ஆகவே தப்பு என்னுடையது’ என்ற எண்ணத்தை ஒருவர் தாளில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘உனக்கு அப்போது வயது என்ன? அந்த வீட்டில் அவர் யார்? சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?’ என்று சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே போவார். முப்பது வருடமாகத் தீர்ப்பாக இருந்த வாக்கியம், எட்டு வயதுப் பிள்ளை போட்ட தப்புக் கணக்காகத் தெரியத் தொடங்கும். எழுத்தும் வீட்டுப்பாடமும் பிடிக்காதவர்களுக்கு இதே முறை பள்ளிக்கூடம்போல் கசக்கும்.

1980-களின் இறுதியில் ஃப்ரான்சின் ஷபிரோ உருவாக்கிய இ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் தொடர வேண்டும். எல்லாவற்றையும் வாய்விட்டு விவரிக்கத் தேவையில்லை என்பது பலருக்கு ஆறுதல். 2013-ல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. பலன் தருவது கண்ணசைவா, நினைவை எதிர்கொள்வதா என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. கற்பனையில் காட்சியைத் திருத்தி எழுதும் முறையும் உண்டு. கொடுமை தொடங்கும் நொடியில் வளர்ந்த ‘நான்’ அந்த அறைக்குள் நுழைந்து, அந்த ஆளைத் தடுத்து, குழந்தையிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். நடந்தது மாறாது, அதன் பொருள் மாறுகிறது.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இரு கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. சிறுவயதில் மனக்காயம் பட்ட 155 பேரிடம் இ.எம்.டி.ஆரையும் காட்சித் திருத்தத்தையும் ஒப்பிட்ட 2020 ஆய்வில் இரண்டும் சமமாகப் பலன் தந்தன. 12 அமர்வுகளில் பாதியில் விட்டவர்கள் மிகக் குறைவு. 2021-ல் நெதர்லாந்தில் 149 பேரிடம் நடந்த ஆய்வில், எதிர்கொள்ளல் சிகிச்சையை ஸ்டெயரோடு சேர்த்துக் கொடுத்ததும் நேரே கொடுத்ததும் முடிவில் ஒரே இடத்துக்கே வந்தன. எல்லாருக்கும் நீண்ட தயாரிப்பு தேவை என்ற வாதம் இங்கே அடிவாங்குகிறது. மறுபுறம், மார்ட்டின் போஹுஸ் குழுவினர் 2020-ல் ஜெர்மனியில் 193 பெண்களிடம் சி.பி.டி.யையும், உணர்ச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சியோடு நினைவை அணுகும் டி.பி.டி.-பி.டி.எஸ்.டி. முறையையும் ஒப்பிட்டனர். இரண்டிலும் நல்ல முன்னேற்றம்; பின்னது சற்று மேல். சி.பி.டி.யைப் பாதியில் விட்டவர்கள் 39 சதவீதம், மற்றதில் 25.5 சதவீதம். அந்தப் பெண்கள் கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தயாரிப்பு வீண் அல்ல.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. இவ்வகை ஆய்வுகளில் பெண்களே மிகுதி; ஆண்களின் மௌனம் அதிகம் அளக்கப்படவில்லை. அளவுகோல் பெரும்பாலும் அறிகுறிகளின் மதிப்பெண். திருமண வாழ்வோ, சகோதரியோடு பேச்சு தொடங்கியதோ அதில் அகப்படுவதில்லை.

எந்த முறையிலும் மறக்கக் கூடாத ஓர் ஆபத்து, இல்லாத நினைவைத் தோண்டுவது. 1980, 90-களில் அமெரிக்காவில் சிலர் ஹிப்னாடிசம்போன்ற வழிகளில் ‘புதைந்த நினைவுகளை’ வெளியே எடுக்கக் கிளம்பினார்கள். சொல்லிச் சொல்லியே பொய் நினைவை விதைக்க முடியும் என்று உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸின் சோதனைகள் காட்டின. 1994-ல் கலிஃபோர்னியாவின் நாப்பாவில், பொய் நினைவுகளை விதைத்ததாக மகளின் சிகிச்சையாளர்கள்மீது தந்தை தொடுத்த வழக்கில் தந்தைக்கே இழப்பீடு கிடைத்தது. இந்தச் சர்ச்சையில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களின் சொல்லும் சந்தேகத்துக்குள்ளானது.

நம் ஊருக்கு இந்த முறைகளை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. 2007-ல் இந்திய அரசின் ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்கள் இன்று வளர்ந்துவிட்டார்கள். கெடுத்த மாமாவோ பெரியப்பாவோ கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். குனிந்து காலில் விழச் சொல்வார்கள். அச்சத்தை எதிர்கொள்ளும் பயிற்சி என்பது இன்னும் ஆபத்தாக இருக்கும் ஆளைச் சகித்துக்கொள்ளும் பயிற்சி ஆகிவிடக் கூடாது. குடும்பத்தைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் கவுன்சலிங் சிகிச்சையே அல்ல.

என் தீர்ப்பு இதுதான்: நினைவை அணுகாத சிகிச்சை பாதிச் சிகிச்சை, அவசரமாக அணுகுவது பாதியில் நிற்கும் சிகிச்சை. தயாரிப்பு ஆளைப் பொறுத்து அமைய வேண்டும், அதற்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போகிறவர் முதல் நாளே மூன்று கேள்விகள் கேட்கலாம்: எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? நினைவைப் பற்றி எப்போது, எப்படிப் பேசப்போகிறோம்? நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.