லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? – ஓர் எண்ணைப் பற்றிய திறனாய்வு

புதிதாகக் கார் வாங்குபவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி, “மைலேஜ் என்ன கொடுக்கும்?” என்பதே. விற்பனையாளரிடம் விடை தயாராக இருக்கும்: 24.2 என்பார், அல்லது 21.7 என்பார். தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம்! மாணவர் ஒருவர் பிழை வரம்பைக் குறிப்பிடாமல் இப்படியொரு விடையை எழுதிக் கொண்டுவந்தால், எந்த இயற்பியல் ஆசிரியரும் அவருடைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் கையெழுத்திடமாட்டார். ஆனால் அதே எண்ணை நம்பித்தான் நம்மில் பலர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறோம்.

தென்காசியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க எண்ணும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 3,000 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு 24 கி.மீ. என்றால் 125 லிட்டர் போதும். சாலையில் 17 கி.மீ.தான் கிடைக்கிறது என்றால் 176 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழும். வங்கித் தவணைக்கென்று எடுத்துவைத்த பணத்தில்தான் அது கைவைக்கும்.

இந்த எண் எங்கே பிறக்கிறது? சாலையில் அல்ல, கூடத்தில். 1966-ல் புணேயில் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களில், காரின் சக்கரங்களைப் பெரிய உருளைகளின் மீது ஏற்றி நிறுத்துகிறார்கள். கார் நின்ற இடத்திலேயே ஓடும். சாலை தரும் தடையைப் போன்றதொரு தடையை உருளைகள் தரும். முன்னே ஒரு விசிறி. அது எஞ்சினைக் குளிர்விப்பதற்கு. திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து ஓட்டுநர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். மொத்தம் 1,180 விநாடி, ஏறத்தாழ 10.6 கி.மீ.; சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ.; உச்ச வேகம் 90. புகைக்குழாயில் வரும் வாயுக்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள கார்பனின் அளவிலிருந்து எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுகிறார்கள். அழகான முறை என்பதில் ஐயமில்லை.

இதற்கு ‘மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி’ என்று பெயர். பெயரில்தான் இந்தியா இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய சுழற்சியை எடுத்து, அதன் உச்ச வேகமான 120-ஐ 90 ஆகக் குறைத்ததே இதன் மாற்றம். இதில் கார் நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. தென்காசி பேருந்து நிலையத்தருகே யாராவது இப்படிக் கிளம்பினால், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் அவரைச் சும்மா விடுமா?

ஆகவே எண் பொய் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கூடத்துக்கு அது மெய். நம் சாலையில் உள்ள எவையெல்லாம் அந்தக் கூடத்தில் இல்லை என்பதே கேள்வி.

முதலாவதாகக் காற்று. குற்றாலத்தில் சாரல் விழும் சூன், சூலை, ஆகஸ்டு மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று பாய்ந்து வருவதை நாம் அறிவோம். நம் வட்டாரத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்று ஆலங்குளத்திலிருந்து தென்காசி நோக்கி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்க. காற்றே இல்லாத நாளில் டயர்களின் உருளல் தடை சுமார் 140 நியூட்டன். காற்றுத் தடை சுமார் 110. ஆக மொத்தம் 250. எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காரைப் பொறுத்தவரை அது 90 கி.மீ. வேகக் காற்று. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால் 110 என்பது 250 ஆகிறது. மொத்தத் தடை 390! ஒன்றரை மடங்குக்கும் மேல்.

“திரும்பும்போது பின்காற்றுத் தள்ளுமே, சரியாகிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. திரும்பும்போது மொத்தத் தடை சுமார் 170. இருவழிக்கும் சராசரி 280. காற்றில்லாத நாளைவிட இது ஏறக்குறைய 11 சதவீதம் அதிகம். இருமடி விதி கொடுப்பதைவிடப் பறிப்பதே மிகுதி.

இங்கே கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. எஞ்சினின் திறன் மாறவில்லை என்று கொள்வோம். காற்றில்லாதபோது 20 கொடுக்கும் கார், எதிர்காற்றில் 13-ம் பின்காற்றில் 30-ம் கொடுக்கும். 13-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 21.5 வரும், காற்றால் நமக்கு லாபம் என்று தோன்றும்! உண்மையில் லிட்டர்களைத்தான் கூட்டவேண்டும். அப்படிக் கூட்டினால் 18 தான். மைலேஜைச் சராசரி எடுக்கும் நண்பர்கள் கவனிக்க.

அடுத்தது ஏற்றம். உருளைக்கு மேடு பள்ளம் கிடையாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் ஆரியங்காவு நோக்கி ஏறும் கார், ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 12 லட்சம் ஜூல் நிலையாற்றலைச் சேர்க்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 80 லட்சம் ஜூல் அளவுதான். எனவே உயர்வதற்கு மட்டும் 150 மில்லி பெட்ரோல். இறங்கும்போது அதில் ஒரு பகுதி மீளும். மீதி பிரேக்கில் வெப்பமாய்ப் போகும். காரில் ஐந்து பேரும் மேலே மூட்டைகளும் இருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவிச் சாலையில் சிக்கிக்கொண்டவர்களுக்கு மூன்றாவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்கும் எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். அப்போது மைலேஜ் சுழி. சாரலில் கண்ணாடி மூடி, ஏ.சி. போட்டால் செலவு மேலும் கூடும். நான் சொன்ன சோதனையில் கார் நிற்கும் விநாடிகளும் உண்டு, ஆனால் ஏ.சி. ஓடுவதில்லை.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? அமெரிக்காவில் 1985 மாடல் முதற்கொண்டே கூடத்து எண்ணில் நகருக்கு 10 சதவீதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவீதமும் குறைத்துத்தான் அச்சிட்டார்கள். 2008 மாடல் முதல் ஏ.சி., அதிவேகம், கடுங்குளிர் ஆகிய சோதனைகளையும் சேர்த்தார்கள். ஐரோப்பா தன் பழைய சுழற்சியை 2017-ல் கைவிடத் தொடங்கி, மேலும் கடுமையான ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பிறகும், கார்களின் கணிப்பொறிகளிலிருந்தே திரட்டிய விவரப்படி, சாலையில் ஆகும் செலவு சுமார் 20 சதவீதம் கூடுதல் என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிவித்தது. நம் நாட்டில் 2020-ல் பாரத் நிலை 6 விதிகள் வந்தபோதும் மைலேஜுக்குப் பழைய சுழற்சியே நீடித்தது. 2023 ஏப்ரல் முதல் புகையிலுள்ள நச்சுகளைச் சாலையிலும் அளக்க வேண்டுமென விதி வந்தது. நச்சை அளக்கக் கருவியைக் காரில் கட்டிச் சாலைக்குப் போனவர்கள், மைலேஜை மட்டும் கூடத்திலேயே விட்டுவிட்டார்களே என்பதே என் குறை.

மலைக்கு அப்பால் திருச்சூரில், லிட்டருக்கு 32 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி டீசல் கார் வாங்கியவர் தொடுத்த வழக்கில், வல்லுநர் ஓட்டிப் பார்த்தபோது கிடைத்தது 20-க்கும் குறைவு. 2022-ல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அவருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்குமேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எல்லோராலும் வழக்காட இயலாது. ஆனால் அளக்க இயலும். டேங்கை முழுக்க நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், முந்நூறு கி.மீ.க்குக் குறையாமல் ஓடியபின், அதே பங்க்கில் மீண்டும் முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். சாரல் மாதத்தில் ஒருமுறை, காற்று ஓய்ந்த மாசியில் ஒருமுறை செய்து, இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். தசமப் புள்ளி வேண்டாம்.