கையைப் பிடித்து இழுக்கும் கார்கள்

அமெரிக்கக் கார் என்றதும் பலருக்கு நினைவு வருவது நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், பின் டயரிலிருந்து எழும் புகை. மஸ்டாங் படத்தை அலைபேசியின் முகப்பில் வைத்திருக்கும் இளைஞரிடம் 'டாட்ஜ் ஆம்னி' என்று சொன்னால், "மாருதி வேனா?" என்று கேட்கிறார். படத்தைக் காட்டினால் ஒரு நொடி பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறார். அவர் தள்ளிவிட்டது எதை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1986-இல் வந்த ஆம்னி ஜிஎல்எச்எஸ் கறுப்புத் தீப்பெட்டி போன்ற ஒரு குடும்பக் கார். பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரோல் ஷெல்பியின் நிறுவனம் 500 கார்கள் மட்டுமே செய்தது. 2.2 லிட்டர், நான்கே சிலிண்டர், டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்து 175 குதிரைத்திறன். அதே ஆண்டின் மஸ்டாங் ஜிடி ஐந்து லிட்டரையும் எட்டு சிலிண்டரையும் வைத்துக்கொண்டு எடுத்தது 200. ஜிஎல்எச் என்பது 'பேய்போலப் பாயும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். அதன் வேகமானியில் அச்சான எண்கள் மணிக்கு 85 மைலோடு முடிந்துவிடும். அந்தக் காலத்து அமெரிக்க அரசு விதி ஒன்றின் எச்சம் அது. கார் அதற்கு மேலும் போகும் என்பதால், மிச்ச எண்களை ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டிவிட்டார்கள். முன்சக்கரம் இழுக்கும் இந்த அமெரிக்கச் சிறுகார்களின் குணம் முழுவதும் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்ஜின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் ஒரு முனையில் ஒட்டியிருக்கும், காரை இழுப்பது முன்சக்கரம். காரின் நடுவே நீண்ட தண்டு ஓடாததால் உள்ளே இடம் அதிகம், எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும், அதையடுத்து 1975-இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டமும் டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்களை இந்த அமைப்புக்குத் தள்ளின. 1978-இல் ஆம்னியும் அதன் இரட்டையான பிளிமத் ஹொரைசனும், 1980-இல் செவர்லே சைட்டேஷன், 1981-இல் கிரைஸ்லரின் கே-கார்களும் ஃபோர்டு எஸ்கார்ட்டும், 1982-இல் கேவலியர், 1991-இல் சாட்டர்ன், 1995 மாடலாக நியான். வரிசை இவ்வளவுதான். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்க்கப் பார்க்கத் தானே ஒட்டிக்கொள்ளும்.

புதியவர் உண்மையில் கற்க வேண்டியது ஒரு வேறுபாட்டை. அது தெரியாமல் இந்தக் கார்களைப் பற்றி எழுதுபவர்கள்தான் அதிகம். அண்டர்ஸ்டீர் வேறு, டார்க் ஸ்டீர் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "முன்சக்கரக் கார் என்றால் அப்படித்தான்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் அண்டர்ஸ்டீர். இது வளைவில் நடப்பது. காரின் எடையில் பெரும்பங்கு மூக்கில் இருக்கிறது. முன் டயர் காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் ஒன்றில் கை தளரும். வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தால் டயரின் பிடி தீர்ந்துபோகும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வளைவின் வெளிப்பக்கமாக நழுவிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் கையில் எப்படி இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். கனம் குறைந்து லேசாகிவிடும், சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி நின்றுவிடும். வலதுகாலைக் கொஞ்சம் தளர்த்தினால் எடை முன்னே சாயும், டயர் மறுபடி கவ்வும், மூக்கு உள்ளே திரும்பும். இன்னும் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் லேசாக வெளியே வீசும். தேர்ந்த ஓட்டுநர் அந்த வீச்சை வேண்டுமென்றே வரவழைத்து வளைவைச் சுருக்கிக்கொள்வார்.

டார்க் ஸ்டீர் இதற்கு நேர் எதிர். இதற்கு வளைவே தேவையில்லை. நேர்ச்சாலையில், இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த கணத்தில் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். அண்டர்ஸ்டீரில் ஸ்டீயரிங் ஊமையாகிறது. டார்க் ஸ்டீரில் அது அளவுக்கு மீறிப் பேசுகிறது. முன்னது பிடி தீர்ந்ததால் வருவது, பின்னது பிடி இருப்பதால் வருவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது பசியையும் வயிற்றுவலியையும் ஒன்று என்பதுபோல.

ஏன் இழுக்கிறது? கியர்பாக்ஸ் ஒரு முனையில் இருப்பதால் டிஃபரன்ஷியல் காரின் நடுவில் இல்லை. ஒரு சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் குட்டை, மற்றதற்குப் போவது நெட்டை. மிதித்தவுடன் காரின் மூக்கு எழும்புகிறது. குட்டை ஆக்சில் அதிகமாகச் சாய்கிறது, நெட்டை குறைவாகச் சாய்கிறது. சாய்வு மாறினால், சக்கரத்தை அதன் திருப்பு அச்சைச் சுற்றித் தள்ளும் விசையும் மாறும். இடதும் வலதும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சமமாக இல்லாதபோது மிச்சம் ஓட்டுநரின் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. போதாதற்கு, நெட்டை ஆக்சில் ஈரத்துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்தும் உண்டு. நெட்டைப் பக்கத்தில் ஒரு இடைத்தண்டை இன்ஜினோடு சேர்த்துப் பொருத்திவிட்டால், அதற்கு வெளியே வரும் இரண்டு ஆக்சில்களும் ஒரே நீளம் ஆகிவிடும். 1980-களின் டேடோனா டர்போ போன்ற கார்களிலேயே கிரைஸ்லர் இதைச் செய்தது. ஆனால் நீளம் பாதிக் கதைதான். மீதிப் பாதி டர்போவில் இருக்கிறது. 1985-இன் ஜிஎல்எச் டர்போவில் இன்டர்கூலர் கிடையாது, 146 குதிரைத்திறன். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். விசை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதுதான் இழுப்பின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில்தான் 1989-இன் ஷெல்பி சிஎஸ்எக்ஸ்-விஎன்டி நெஞ்சைத் தொடுகிறது. டாட்ஜ் ஷேடோவை அடிப்படையாகக் கொண்ட இதிலும் 500 கார்கள்தான். ஜிஎல்எச்எஸ்ஸுக்கு இருந்த அதே 175 குதிரைத்திறன்தான். ஆனால் டர்போவுக்குள், அதைச் சுழற்றும் புகையின் வழியைத் தேவைக்கேற்பக் குறுக்கியும் விரித்தும் தரும் சின்னஞ்சிறு தகடுகள் இருந்தன. முறுக்குவிசையான டார்க் 237-இலிருந்து 278 நியூட்டன் மீட்டராக ஏறியது. காத்திருப்பும் உதையும் குறைந்து, இழுவை படிப்படியாக வந்தது. குதிரைத்திறன் எண்ணை மட்டும் படிப்பவர் இரண்டும் ஒரே கார் என்பார். ஓட்டும் கைக்குத் தெரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை இருக்கிறது.

ஓட்டும் கையை மறந்ததால் வந்த பழிகளும் உண்டு. 1978-இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் ஆம்னியையும் ஹொரைசனையும் 'ஏற்க முடியாதவை' என்று தீர்ப்பளித்தது. சோதனை என்ன? ஓடும் காரின் ஸ்டீயரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுவது. கையை எடுத்துவிட்டு யார் கார் ஓட்டுகிறார்கள்? கையும் ஸ்டீயரிங்கும் பேசிக்கொள்வதுதான் ஓட்டுவது. அதே 1978-இல் 'மோட்டார் டிரெண்ட்' இந்த ஜோடியைத்தான் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது.

இன்னொரு கூட்டம் உண்டு. ஐரோப்பியக் கார் என்றால் மட்டுமே கையெடுத்துக் கும்பிடும் கூட்டம். 1983-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ராபிட் ஜிடிஐ-யின் 90 குதிரைத்திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அடுத்த ஆண்டு வந்த டர்போ இல்லாத ஜிஎல்எச் 110 எடுத்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ராபிட் பென்சில்வேனியாவில் தயாரானது என்பதையும், முதல் ஆம்னிகளின் 1.7 லிட்டர் இன்ஜினுக்கு அடிப்படை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லவே மாட்டார்கள். மேலோட்டமான ரசனை என்றால் இதுதான்: முத்திரையைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது.

டாஷ்போர்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து "பிளாஸ்டிக் மட்டம்" என்பவர்களும் இந்த ரகம்தான். தட்டினால் டாஷ்போர்டைப் பற்றி மட்டும்தான் தெரியும். அதே நேரத்தில் நியானின் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். விலை குறைந்த அந்தக் காரில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமே இல்லை. கதவைத் திறந்தால் கண்ணாடி மட்டும் தனியே நிற்கும். அதன் வட்டமான முன்விளக்குகளும், முன்னே இழுத்து வைத்த முன்கண்ணாடியும், சக்கரங்களை மூலைக்குத் தள்ளி உள்ளே கூட்டிய இடமும் ஒரே கையெழுத்து. சாட்டர்னின் கதவின் வெளித்தகடு பாலிமரால் ஆனது. தள்ளுவண்டி வந்து இடித்தாலும் நசுங்காமல் திரும்பிவிடும். வடிவமைப்பு என்பது பின்னால் ஒட்டிய இறக்கை அல்ல. இறக்கையை மட்டும் வாங்கி ஒட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்து மோகத்தால் நல்ல கேவலியர்கள் எத்தனையோ கெட்டன.

எல்லாக் காரும் நல்ல கார் என்றும் சொல்ல வேண்டியதில்லை. சைட்டேஷனில் பிரேக் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று அரசே வழக்குப் போட்டது. ஓல்ட்ஸ்மொபில் குவாட் 4 இன்ஜின் நான்கு சிலிண்டரில் 190 குதிரைத்திறன் வரை தந்தது, ஆனால் இரைச்சலும் அதிர்வும் கொஞ்சநஞ்சமல்ல. முதல் தலைமுறை நியானில் ஹெட் கேஸ்கெட் கசியும். பழையதை வாங்குபவர் முதலில் அங்கேதான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

காதோடு காதாக ஒன்று. டார்க் ஸ்டீரின் இழுப்பை ரசிகர்கள் குறையாகச் சொல்லிக்கொண்டாலும், அது முழுக்கப் போய்விட்டால் வருந்துவார்கள். 2003-இன் நியான் எஸ்ஆர்டி-4-ஐப் பாருங்கள். 2.4 லிட்டர் டர்போ, 215 குதிரைத்திறன், விலை 20,000 டாலருக்குள். சைலன்சரே வைக்கவில்லை. பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். சேமித்த காசு எல்லாம் இன்ஜினுக்கும் சமநீள ஆக்சிலுக்கும் போனது. 2004-இல் திறன் 230 ஆனது, கூடவே க்வைஃப் நிறுவனத்தின் டிஃபரன்ஷியலும் வந்தது. ஒரு சக்கரம் வீணாகச் சுழலத் தொடங்கினால் விசையை மற்றதற்கு மாற்றிவிடும் பொறி அது. இருபது ஆண்டு வம்பு ஏறக்குறைய அங்கே தீர்ந்தது. ஏறக்குறைய.

அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்டீயரிங்கின் உச்சியில், சக்கரம் நேராக இருக்கும்போது, ஒரு விரல் அகல வெள்ளை டேப் ஒட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலியான நேர்ச்சாலையில், இரண்டாம் கியரில் ஓட்டுநர் மிதிக்கும்போது டேப்பை மட்டும் பார்க்க வேண்டும். ஜிஎல்எச் டர்போவில் விசில் சத்தம் எழும் வரை அது அசையாது. எழுந்ததும் ஒரு பக்கம் வெட்டும், ஓட்டுநரின் முட்டிகள் வெளுக்கும், டேப் மெல்ல நடுவுக்குத் திரும்பும். 2004-இன் எஸ்ஆர்டி-4-இல் அதே டேப் நடுவிலேயே நின்று லேசாக நடுங்கும்.