624 குரல்களும் ஒரு மறுப்பும்

டென்சிசி குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ முதலில் போசா நோவா தாளத்தில் அமைந்த சுமாரான பாட்டு. எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கூல்ட்மனும் எழுதிக் கொண்டுவந்ததைக் கேட்ட சக உறுப்பினர் கெவின் காட்லி, தேறாது என்று சொல்லிவிட்டார். ஆனால் மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட்டில், இவர்கள் பதிவுசெய்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவின் ஊழியர்கள் அந்த மெட்டை விடாமல் முணுமுணுத்தார்கள். ஒதுக்கிய பாட்டை மறுபடி எடுத்தபோது காட்லியே வழியும் சொன்னார்: வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, முழுக்கக் குரல்களால் கட்டுவோம்.

கட்டிய விதம் இது. கூல்ட்மன், காட்லி, லால் கிரீம் மூவரும் ஒரே சுரத்தை ஆகாரமாக நீட்டிப் பாடினார்கள்; அதையே 16 முறை பதிந்தார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல். இப்படி 13 சுரங்கள், மொத்தம் 624. ஒவ்வொன்றையும் சுமார் 12 அடி நீள டேப்பில் ஏற்றி, நுனிகளை ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். மெல்லோட்ரான் என்ற வாத்தியத்தில் பாடகர் குழுவின் ஓசை அப்போதே கிடைத்தது. ஆனால் அதில் ஒரு சுரம் சில நொடிகளில் நின்றுபோகும். வளையத்துக்கு முடிவு கிடையாது. பிறகு நால்வரும் மிக்ஸிங் போர்டின் முன் நின்று, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றியும் இறக்கியும் அந்தப் பலகையையே வாத்தியமாக வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடியோடு இறங்கிவிடாதபடி குறுக்கே டேப் ஒட்டிவைத்தார்கள். அதனால் பதின்மூன்று சுரங்களும் பாட்டின் அடியில் எந்நேரமும் மெலிதாகக் கசிகின்றன. நம் தம்புரா பாடுகிறவனுக்கு ஆதாரம் தரும். இது நேரெதிர், நிற்க ஓர் ஆதார சுருதியைப் பிடிக்கவிடாத மூட்டம்.

இந்த உழைப்பை வெறும் ஸ்டூடியோ வித்தை என்று தள்ளமுடியாததற்குக் காரணம் பாட்டின் பொருள். ‘காதலிக்கிறேன்’ என்று ஏன் அடிக்கடி சொல்வதில்லை என மனைவி கேட்டதிலிருந்து ஸ்டூவர்ட்டுக்குப் பிறந்த கரு அது. பாட்டில் வருபவன் காதலே இல்லை என்று சாதிக்கிறான். அவள் படத்தை மாட்டியிருப்பது சுவரின் கறையை மறைக்கத்தானாம். வார்த்தைகளை மட்டும் படித்தால் அரைகுறை நகைச்சுவை. 624 குரல்களும் சேர்ந்து அவனைப் பொய்யனாக்குகின்றன. அவனோ குரலை உயர்த்துவதே இல்லை. இசையமைப்பு வரிகளுக்குத் துணைபோகாமல் எதிர்சாட்சி சொல்லும் பாட்டுகள் அபூர்வம்.

சறுக்குவது நடுப்பகுதியில். அலுவலகத்தில் வேலை பார்த்த கேத்தி ரெட்ஃபர்னைக் கிசுகிசுக்க வைத்து, ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் செருகினார்கள். பாட்டின் புகழ்பெற்ற இடமே அதுதான் என்பார்கள். எனக்கு அது மிகை. குரல்கள் அதுவரை சொல்லாமல் சொன்னதை அந்த ஒரு வாக்கியம் உடைத்துச் சொல்லிவிடுகிறது. இறுதியில் வரும் பொம்மை இசைப்பெட்டியின் ஓசையும் அழகுதான்; ஆனால் அது எவருடைய மறுப்புக்கும் பதில் அல்ல.

வரவேற்பில் குறையில்லை. ஆறு நிமிடப் பாட்டை வானொலி தயங்கித்தான் தொட்டது; சுருக்கிய வடிவமும் வந்தது. 1975 ஜூனில் பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம். அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம். மூன்று வாரமும் வெவ்வேறு பாட்டுகள் வழிமறித்தன. சுருக்கியபோது போனது பாட்டின் பொறுமை. இவன் எவ்வளவு நேரம்தான் மறுத்துக்கொண்டிருப்பான் என்று நமக்கே சலிக்க வேண்டும். அதற்கு ஆறு நிமிடம் தேவை.

இந்த முறையின் பெரிய பலவீனம், பாட்டு பதிவோடு பிணைந்துவிடுவது. மேடையில் நான்கு தொண்டைகளால் இதைத் திரும்பப் பாட முடியாது. 1993இல் பிரிட்டெண்டர்ஸ் குழு பாடியது போன்ற மறுபதிப்புகளில் மெட்டு தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அந்த மூட்டம் இல்லாதபோது பாடுபவர் சொல்வதை நாம் அப்படியே நம்பிவிடும் ஆபத்து வருகிறது. ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ திரைப்படம் 2014இல் மூலப் பதிவையே தொடக்கக் காட்சிக்கு எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல.

இன்னொரு ஆபத்து செய்தவர்களுக்கே நேர்ந்தது. இத்தகைய சோதனைக்கு நாட்கணக்கில் ஸ்டூடியோ வேண்டும். ஸ்ட்ராபெரியில் ஸ்டூவர்ட்டும் பங்குதாரர் என்பதால் கடிகாரம் பார்க்காமல் உழைக்க முடிந்தது. அந்த உழைப்புக்குக் கட்டுப்பாடு ஸ்டூவர்ட்–கூல்ட்மன் மெட்டிலிருந்து வந்தது. 1976இல் காட்லியும் கிரீமும் பிரிந்து, கிடாரின் தந்திகளை வில்போட்டதுபோல் ஒலிக்கச் செய்யும் கிஸ்மோ என்ற சொந்தக் கருவியை முன்னிறுத்தி ‘கான்சீக்வென்சஸ்’ செய்யப் போனார்கள். ஒலி நுணுக்கம் பெருகியது, பாட்டு மெலிந்தது. மூன்று இசைத்தட்டுகளாக வீங்கிய அந்தத் தொகுப்பு, பங்க் இசை கொடிகட்டிய 1977இல் வெளிவந்து விலைபோகாமல் நின்றது.