ஒட்டுப்போட்டது யார்?

"ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு" என்பது நம் மதிப்புரைகளில் ஒரு வசை. நாவலின் அத்தியாயங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று அர்த்தம். கந்தல், கிழிசல், ஒட்டு என்று துண்டுத்துணியைச் சுற்றித் தமிழில் இருக்கும் சொற்களெல்லாம் கொஞ்சம் தலைகுனிந்தே நிற்கின்றன. அதே ஒட்டுத்துணி இப்போது கண்காட்சிகளில் 'மறுசுழற்சி' என்ற பெயரில் தலைநிமிர்ந்து தொங்குகிறது. எனக்கு இரண்டு பார்வையோடும் தகராறு உண்டு. இரண்டுமே துணியைத்தான் பார்க்கின்றன, தையலைப் பார்ப்பதில்லை.

பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிகாலனைப் பார்க்க வருகிற பொருநன் உடம்பில் ஒரு கந்தல். ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் ஊறி, வேறு வேறு நூல் ஓடிய தையலோடு இருக்கிறது. அரசன் அதைக் களையச்செய்து, பாம்புச்சட்டை போல மெல்லிய புதுத்துணி கொடுக்கிறான். கொடையின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல காட்சி கிடையாது, சரிதான். ஆனால் எனக்கு அந்த 'வேறு நூல்'தான் முக்கியமாகப் படுகிறது. நெய்த நூல் இல்லை அது. பிறகு யாரோ உட்கார்ந்து, கிடைத்த நூலைக் கொண்டு, ஒருமுறை அல்ல பலமுறை தைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பெயர் இரண்டாயிரம் வருஷமாக நமக்குத் தெரியும். தைத்தது யார் என்று பாட்டு சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒட்டுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துப் போன தோணிகளில் ஒட்டில்லாத பாயைத் தேடினாலும் கிடைத்திருக்காது. பாயில் ஒட்டுப் போடுவது லேசான காரியமில்லை. இழை ஓடும் திசை பார்த்து வைக்க வேண்டும். மாறிப்போனால் காற்று ஒட்டையும் பாயையும் இரண்டு பக்கமாக இழுத்து, ஒட்டைச் சுற்றியே கிழிக்கும். நடுக்கடலில் யாரும் அதைக் கந்தல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் அது பிள்ளை விரிப்பு. இந்த வெக்கையில் மெத்துமெத்தென்ற போர்வை யாருக்கு வேண்டும்? ஆகவே பழஞ்சேலை தூளியாயிற்று, அல்லது நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு அடியில் போனது. "புதுசு உறுத்தும்லா, பழசுதான் பதமா இருக்கும்" என்பாள் ஆச்சி. எந்தச் சேலை மேலே, எது உள்ளே என்பதை அவள் தீர்மானிப்பாள். கரை கனமான சேலை உள்ளே போகாது, பனியன் துணி பக்கத்திலேயே வராது. அது இழுபடும், சேலை இழுபடாது. இரண்டையும் சேர்த்தால் முதல் சலவையிலேயே சுருங்கிக் கோணிக்கொள்ளும். இந்தத் தேர்வுகளைத்தான் நான் படைப்பு என்று சொல்கிறேன்.

இந்தத் தேர்வு முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்களின் கவாந்தியில். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்கள். முன்னோர்களில் பலர் போர்த்துக்கீசியரின் கோவா வழியாக அடிமைகளாக வந்தவர்கள். அடியில் ஒரு பழஞ்சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம்வழியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். வரைபடம் கிடையாது. கையில் அடுத்து வரும் துண்டுதான் அடுத்த வரி. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். குளிருக்கு அந்தப் பூவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு அங்கேதான் கலை ஆரம்பிக்கிறது.

இந்த அளவுகோலோடு நம் கடற்கரைக்குத் திரும்பினால் சுனாமிகா பொம்மையிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே கிடந்ததால் தூத்துக்குடி பெரும்பாலும் தப்பியது, வடக்கே நாகப்பட்டினம் தப்பவில்லை. நிவாரணமாக வந்த பழந்துணி அங்கே தெருவோரங்களில் குவிந்து கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்களிடம் அடுத்தவர் அலமாரியைக் காலி செய்தால் வேறென்ன நடக்கும்?

2005-இல் ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடத்தில் உமா பிரஜாபதி தொடங்கியது வேறு வழி. நிவாரணத் துணி அல்ல, தையலில் மிஞ்சிய துண்டுகள். சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சட்டைப் பையில் அடங்குகிற பொம்மை செய்யவைத்தார்கள். அதை விற்பதில்லை, பரிசாகவே கொடுக்கிறார்கள். விரும்பியவர்கள் தரும் நன்கொடையிலிருந்து தைத்தவர்களுக்குக் கூலி. கை நீட்டி வாங்கவேண்டிய நிலையிலிருந்த பெண்கள் உலகத்துக்குக் கொடுப்பவர்களானார்கள். கரிகாலன் காட்சியைத் தலைகீழாக்கிய யோசனை இது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பொம்மையைத் தனியாக மேஜைமேல் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு குறை தட்டுகிறது. நிறம் மாறுகிறது, உருவம் மாறுவதில்லை. எது எதற்குப் பக்கத்தில் வரவேண்டும் என்ற முடிவு ஊசி பிடித்த கைக்கு வருவதற்கு முன்பே வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கிறது. அழகாக இருக்கிறது, ரொம்பவே. ஆனால் கவாந்தியின் மூலையில் இருக்கிற அந்தத் தேவையில்லாத பூ இதில் இல்லை. கடலே வேண்டாம் என்று பயந்து கிடந்த ஒருத்திக்கு அந்த நாளில் வேலையும் கூட்டமும்தான் மருந்து, பூவைப் பற்றிப் பேச அது நேரமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போதாவது கேட்கலாம்.

எனக்கு ஒரு ஆசை. திருப்பூர் கட்பீஸ் ஒரு மூட்டையும் ஊசிநூலும் எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போய், நாலு பெண்களிடம் கொடுத்து, கூலியையும் முன்னாலேயே கொடுத்து, என்ன தைக்கவேண்டும் என்று மட்டும் சொல்லாமல் வந்துவிட வேண்டும். விரிப்பு வரலாம், தலையணை உறை வரலாம், நமக்குப் பெயர் தெரியாத எதுவோ வரலாம். "கலரு ஒண்ணுகூட சேரலை, வேற கொண்டு வாங்க" என்று மூட்டை திரும்பியும் வரலாம்.