பாலும் முட்டையும் கேட்டு வந்தவன்

ஹங்கேரியத் தொன்மம் ஐரோப்பாவின் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஆசியத் தீவு என்ற பேச்சு இன்று செல்வாக்கோடு உலவுகிறது. ஸ்டெப்பிப் புல்வெளியிலிருந்து குதிரையோடும் பறையோடும் ஆவிகளோடு பேசும் ஷாமனோடும் வந்தவர்கள் ஹங்கேரியர்கள். ஆகவே அவர்களுடைய தெய்வங்களுக்கும் பேய்களுக்கும் அண்டையிலுள்ள ஸ்லாவியர், ருமேனியர், ஜெர்மானியர் நம்பிக்கைகளோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது வாதம். புகாட்ஸ் சமவெளியில் கூடும் குருல்தாய் விழாவில் இதைக் கூடாரமும் வில்லும் அம்புமாகக் காட்சிக்கே வைக்கிறார்கள். ஹங்கேரியத் தொன்மத்தில் எது மிகவும் உயிர்ப்பானதோ அதையே இந்த வாதம் தள்ளிவைத்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தொடக்கக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1200 வாக்கில் பெயர் தெரியாத அரசவை எழுத்தர் ஒருவர் துருல் பறவை அரச குலத்தின் ஆதித்தாய் எமெஷெயின் கனவில் வந்ததையும் அவளுக்கு ஆல்மோஷ் பிறந்ததையும் எழுதிவைத்தார். 1280-களில் கேஸா ஊர் ஷிமோன் என்ற எழுத்தர், மூதாதையரான ஹுனோரும் மகோரும் என்ற இரு சகோதரர்கள் ஒரு பெண்மானைத் துரத்திச் சென்ற கதையைச் சேர்த்தார். இரண்டும் கிறித்தவக் கல்வி பெற்றவர்கள், அரச குலத்துக்கு வம்சாவளி கட்டும் நோக்கத்தோடு, லத்தீனில் எழுதியவை. எனக்கு இவற்றைவிட 1092-ஆம் ஆண்டு ஸபோல்ச் திருச்சபைக் கூட்டத்தின் சட்டமொன்று மதிப்புள்ள சாட்சி. கிணற்றடியில் பலியிடுவோரும் மரத்துக்கும் ஊற்றுக்கும் கல்லுக்கும் காணிக்கை வைப்போரும் ஒரு மாட்டைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. முதல் கிறித்தவ அரசர் ஸ்டீபன் முடிசூடித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஜனங்கள் எங்கே கும்பிட்டார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. துருல் அதில் இல்லை. ஊற்றையும் மரத்தையும் கும்பிடுவதைத் தடுக்க அந்நாளைய ஐரோப்பாவின் பல நாடுகளும் இதே போன்ற சட்டங்களைப் போட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்ததும் ஏக்கம் தொடங்குகிறது. 1835-இல் ஃபின்லாந்தில் லொன்ரோத் கலேவலாவைத் தொகுத்து வெளியிட்டார். (உதயணனின் மொழிபெயர்ப்பால் 1994 முதல் அது தமிழ் வாசகருக்கும் சொந்தம்.) மொழி உறவினரான ஃபின்லாந்தவரிடம் இருக்கும் காவியம் நம்மிடம் இல்லையே என்ற குறை ஹங்கேரிய எழுத்தாளர்களை அரித்தது. கவிஞர் யானோஷ் அரன் 1860-இல் தொலைந்துபோன ஆதி காவியத்துக்காகக் கட்டுரையே எழுதினார். அதற்கு முன்பே, 1820-களில், கவிஞர்கள் ஹதூர் என்ற போர்க்கடவுளைப் படைத்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவரான வொரொஷ்மார்ட்டியின் காவியம் அவனைப் பரப்பியது. எந்தக் கிராமத்துக் கிழவியும் கேள்விப்பட்டிராத இந்தக் கடவுள் இன்றும் புராதனன் என்ற பெயரில் நடமாடுகிறான். கவிஞர்களின் கற்பனைக்கு நான் எதிரியல்ல. அதை மக்களின் நினைவாக விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த இரைச்சலுக்கு நடுவே உழைத்தவர் அர்னோல்டு இபோயி. இளம் பாதிரியாரான அவர், யாக்கோப் கிரிம் ஜெர்மானியத் தொன்மத்துக்குச் செய்ததைத் தன் மக்களுக்குச் செய்ய முனைந்து 1854-இல் பெருநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். நாட்டார் கதை, ஊர்ப்பெயர், சூனிய வழக்குப் பதிவு, வரலாற்றேடு என்று கைக்கெட்டியதையெல்லாம் சேர்த்தார். முறையியலில் ஓட்டைகள் இருந்தன. அன்தல் செங்கெரியின் விமர்சனம் அந்த ஓட்டைகளை மட்டும் பார்த்தது. இபோயி தொன்ம ஆய்விலிருந்து விலகிக் கலை வரலாற்றுக்குப் போனார், பின்னர் ஆயரானார். ஹங்கேரிய ஆய்வுலகம் அடைந்த பெரிய நஷ்டங்களுள் இது ஒன்று.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் லயோஷ் கால்மானி. இவரும் பாதிரியார். செகெட் வட்டாரத்திலும் பானாட்டிலும் ஏழைக் குடியானவர்களுக்கு நடுவே வாழ்ந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். மரியன்னையின் ஹங்கேரியப் பெயருக்குப் பின்னே பழைய தாய்த்தெய்வம் ஒன்று இருக்கிறது என்று 1885-இல் வாதிட்டார். அந்த முடிவைவிட அவர் திரட்டிய விவரங்கள் பெரியவை: பிள்ளை பெற்றவளின் படுக்கையைச் சுற்றிய காப்புகள், செவ்வாய்க்கிழமை துணி வெளுக்கக்கூடாது என்ற தடை. ருமேனியக் கிராமங்களிலும் செவ்வாய் இரவு நூல் நூற்கும் பெண்ணைத் தண்டிக்க ஓர் உருவம் வருகிறது. ஹங்கேரியரும் செர்பியரும் ருமேனியரும் ஜெர்மானியரும் கலந்து வாழ்ந்த பானாட்டில் கால்மானி வேலை செய்தார் என்பதை மறந்துவிட்டு அவரைப் படிக்க முடியாது. அப்படித்தான் படிக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர் வில்மோஷ் தியோசெகி. சைபீரியாவுக்குப் பயணம் போய் ஷாமன்களையே நேரில் கண்டவர். ஹங்கேரிய நாட்டார் பண்பாட்டில் ஷாமன் நம்பிக்கையின் எச்சங்கள் குறித்த அவருடைய நூல் 1958-இல் வந்தது. பல்லோடு அல்லது ஆறாவது விரலோடு பிறக்கும் தால்தோஷ் என்ற மந்திரவாதி, அவன் உடல் துண்டாடப்பட்டு எலும்புகள் எண்ணப்படுவது, வானளாவும் மரத்தில் அவன் ஏறுவது என்று ஒவ்வொரு கூறாக எடுத்துச் சைபீரியாவோடு ஒப்பிட்டார். உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் ஒரு கூறு அண்டை மக்களிடம் இல்லையென்றால் அது ஆசியாவிலிருந்து கொண்டுவந்தது என்ற அவருடைய அளவுகோல், அண்டை வீடுகளை முழுக்கத் தேடிய பிறகுதான் செல்லும். அவரைப் பின்பற்றியவர்கள் தேடவேயில்லை. நாரையின் காயத்தைக் குழலும் பறையும் கொண்டு ஆற்றும் ஒரு குழந்தைப் பாட்டைக்கூட ஷாமன் சடங்கின் சான்றாக்கினார்கள்.

கிராமத்தார் சொல்லும் தால்தோஷ் கதையைக் கிட்டத்தில் பார்ப்போம். வழிப்போக்கன் ஒருவன் மாடு மேய்ப்பவனிடம் வந்து வேலை கேட்கிறான். ஒருநாள் சொல்கிறான்: மேகம் கறுத்து வரும், நான் வெள்ளைக் காளையாவேன், கறுப்புக் காளை ஒன்று என்னோடு மோதும், நான் சளைத்தால் அதன் குளம்பில் அடி. இரண்டும் மோதுகின்றன, புயல் அடிக்கிறது. அவன் வீடுகளில் கேட்டு வாங்குவது பாலும் முட்டையும் மட்டுமே.

அதே வாசலில் அதே பாலையும் முட்டையையும் கேட்டு வருகிறான் இன்னொருவன். பெயர் கரபோன்சியாஷ். கந்தல் அங்கி, கையில் புத்தகம், பதின்மூன்று பள்ளிகளில் படித்துத் தேறியவன். இல்லையென்று பொய் சொன்னால் புத்தகத்தைப் படித்துப் பறவைநாகத்தை எழுப்பி அதன்மேல் ஏறி ஆலங்கட்டி மழையோடு போகிறான். குரோவாசியாவில் இவனுக்கு இதே பெயர். ஸ்லாவிய மொழியறிஞர் யாகிச் 1877-லேயே இவனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ருமேனியாவில் சொலொமொனார். குடியானவர்களின் கதைகளில் இவனும் தால்தோஷும் குணங்களை மாற்றிக்கொண்டபடியே இருக்கிறார்கள். தேசியவாதிகளோ தால்தோஷை மேடையேற்றி, ஆசிய அடையாளம் இல்லாத கரபோன்சியாஷை அடிக்குறிப்புக்கு அனுப்பினார்கள். இது அநியாயம் மட்டுமல்ல, சான்றைத் திரிப்பதும் ஆகும்.

இந்த அண்டை உறவு இன்னும் மேற்கே நீள்கிறது. இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966-இல் ஃப்ரியூலி வட்டாரத்து பெனந்தந்திகளைப் பற்றி எழுதினார். கருவுறையோடு பிறந்தவர்கள், இரவில் ஆவியாகச் சென்று விளைச்சலுக்காகச் சூனியக்காரர்களோடு பெருஞ்சீரகத் தண்டு ஏந்திப் போரிட்டதாக விசாரணையில் சொன்னவர்கள். இத்தாலியின் வடகிழக்கு மூலையிலிருந்து ஸ்லோவேனியா, குரோவாசியா, செர்பியா வழியாக ஹங்கேரிவரை பிறவிக்குறியோடு வந்து பயிருக்காக, வானிலைக்காகப் போரிடும் மனிதர்களின் சங்கிலி ஒன்று தொடர்கிறது. ஹங்கேரிய நாட்டாரியல் ஆய்வாளர் ஏவா போச் இந்தச் சங்கிலிக்குள் தால்தோஷை வைத்துப் பார்த்து, பறையடித்துச் சடங்கு நடத்தும் ஷாமனுக்கு ஹங்கேரியச் சான்றுகள் எவ்வளவு சொற்பம் என்று காட்டினார். எனக்கு அவர் வாதமே சரியாகப் படுகிறது. ஸ்டெப்பியின் பங்கை இது அழித்துவிடாது. வந்தவர்கள் கொண்டுவந்தது ஏதோ இருந்தது. ஆயிரம் ஆண்டுகள் கார்பாத்தியப் படுகையில் பக்கத்து வீட்டாரோடு பேசிப் பேசி அது வேறொன்றாகியது. தெற்கே பால்கனுக்கும் மேற்கே ஆல்ப்ஸுக்கும் இடையே பழைய நம்பிக்கைகள் கைமாறிய சந்தியாக ஹங்கேரியைப் பார்த்தால்தான் ஐரோப்பியத் தொன்மங்களுள் அதன் முக்கியத்துவம் புலப்படும்.

இனி செய்ய வேண்டிய வேலையும் அங்கேதான் கிடக்கிறது. ஃபெரென்ட்ஸ் ஷ்ராம் தொகுத்த 1529 முதல் 1768 வரையிலான சூனிய வழக்குப் பதிவுகளில், தான் சூனியக்காரி அல்ல தால்தோஷ் என்று நீதிபதியிடம் சொன்ன பெண்கள் வருகிறார்கள். புதையல் பார்த்தவர்கள், வைத்தியம் செய்தவர்கள், குற்றவாளிக் கூண்டில் நின்று பேசியவர்கள். தமிழுக்கு ஹங்கேரியத் தொன்மம் என்று ஒரு நூல் வருமானால், அந்த வாக்குமூலங்களில் சிலவும், கால்மானியிடம் கதைசொல்லி மிஹாய் போர்பேய் சொன்ன கதைகளும், அதே பானாட்டின் செர்பிய, ருமேனியக் கதைகளும் ஒரே அட்டைக்குள் வரட்டும்.